நடந்து கண்ட பட்டணம்

தேசத்தைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே பலர். தாம் தினந்தோறும் கடந்து செல்லும் தெருவைப் பற்றிப் பேசக்கூடியவர் சிலரே. இமயத்தின் சிகரங்களையும் கங்கைக் கரையின் க்ஷேத்திரங்களையும் வரிசை தப்பாமல் சொல்லும் அன்பரை, அவருடைய அலுவலகம் இருக்கும் வீதிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், விழிக்கிறார். இதற்குக் காரணம் கல்விக் குறைவன்று. வீதியை அவர் மிதிப்பதே இல்லை. வீட்டு வாசலில் வண்டி ஏறுகிறார், அலுவலக வாசலில் இறங்குகிறார். நடுவிலுள்ள ஊர் கண்ணாடிக்கு அப்பால் ஓடி மறையும் ஒரு காட்சி, அவ்வளவே. பொதுவாழ்வில் ஈடுபட்டோரும் இதற்கு விலக்கல்லர். முன்னாளில் ஊர்வலம் என்றால் கால் நோக நடப்பது; இந்நாளில் அது பெரும்பாலும் வாகனங்களின் வரிசையாகிவிட்டது.

சென்ற மார்கழியில், கோர்ட்டு விடுமுறை நாளொன்றில், நண்பர் நால்வர் கூடிச் சென்னை ஜார்ஜ் டவுனைக் காலை முதல் மாலை வரை கால்நடையாகவே சுற்றி வருவதென்று தீர்மானித்தோம். ஒருவர் வைத்தியர்; ஒருவர் சரித்திர ஆசிரியர்; மற்றொருவர் அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே காகித வியாபாரம் செய்பவர்; நாலாமவர் வக்கீல் தொழிலையும் பத்திரிகைத் தொழிலையும் ஒருங்கே கட்டிக்கொண்டிருக்கும் நாம். நிபந்தனைகள் மூன்று: வாகனம் ஏறுவதில்லை, கடிகாரம் பார்ப்பதில்லை, ஒருவர் எங்கே நின்றாலும் மற்றவர் அவரை அவசரப்படுத்துவதில்லை.

நண்பர்களோடு உல்லாசமாகக் கழித்த ஒரு பகலைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அன்று நாங்கள் தேடிப் போனது பொழுதுபோக்குத்தான். ஆனால் பத்தடிக்கு ஒருமுறை எங்களை எதிர்கொண்டது உரிமையைப் பற்றிய கேள்வி. ஆகையால் எழுதுகிறோம்.

கோர்ட்டின் கதவு

2019இல் திறக்கப்பட்ட சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது ஹைகோர்ட்டின் செந்நிறக் கோபுரங்கள். 1892இல் திறக்கப்பட்ட கட்டிடம் அது. அதன் உயர்ந்த கோபுரம் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் பணி செய்தது. நீதியின் கோயிலிலேயே வெளிச்சமும் இருந்தது என்று வைத்தியர் நயமாகச் சொன்னார். அந்த வளாகத்திலேயே, அதற்கு முன் விளக்கேற்றி நின்ற 1844ஆம் ஆண்டுக் கல்தூணும் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவில் ஜெர்மானியக் கப்பலான எம்டன் வீசிய குண்டுகளை நினைவூட்டும் கல்வெட்டு மதிலில் இருக்கிறது. எதற்கும் அஞ்சாதவனை ‘எம்டன்’ என்று இன்றும் சென்னைவாசிகள் சொல்லுவது அந்த ஓர் இரவின் மிச்சம்.

ஆயினும் இவற்றையெல்லாம் விட எங்கள் பேச்சைப் பெரிதும் இழுத்தது இந்த வளாகத்தின் பழைய வழக்கம் ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு முழு நாள், ஹைகோர்ட்டின் வாயில்கள் யாவும் அடைக்கப்படுகின்றன. அன்று யாருக்கும் உள்ளே வழியில்லை. பொதுமக்கள் இடையறாது இதன் வழியே நடந்து நடந்து, இது தங்கள் பாதை என்று பாத்தியம் கொண்டாடிவிடக் கூடாதே என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது என்று சொல்லப்படுகிறது.

வக்கீல் அல்லாத நண்பர்களுக்கு இது விநோதமாகத் தோன்றியது. சட்டத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவன் பிறர் நிலத்தின் மீது வெளிப்படையாகவும், சச்சரவின்றியும், உரிமையாகப் பாவித்தும், தடையின்றி இருபது ஆண்டு நடந்து வந்தானாகில், அந்த வழி அவனுக்குப் பாத்தியமாகிவிடும். நிலம் அரசாங்கத்தினுடையதானால் முப்பது ஆண்டு. அதே சட்டம் மறுபுறமும் பேசுகிறது. பெற்ற உரிமையை இருபது ஆண்டு தொடர்ந்து அனுபவியாமல் விட்டால் அது அற்றுப்போகும். நடந்தால் உரிமை பிறக்கிறது, நடவாதிருந்தால் இறக்கிறது. இதை ஆசிரியர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்று முழுவதும் எங்களோடு கூட நடந்து வந்த ஐந்தாவது நண்பர் இந்தச் சட்டவிதியே என்று சொல்லலாம்.

இடிபட்ட ஊர்

ஹைகோர்ட்டும் அதை அடுத்த பழைய சட்டக் கல்லூரிக் கட்டிடமும் நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் ஓர் ஊரே இருந்தது. 1639இல் ஆங்கிலக் கம்பெனியார் இந்தக் கரையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபோது, அவர்களுக்குத் துணியும் துணி வியாபாரத்துக்கு வேண்டிய ஆட்களும் தேவைப்பட்டனர். நெசவாளரும் சாயக்காரரும் துபாஷிகளும் செட்டிமாரும் கோட்டைக்கு வடக்கே வந்து குடியேறினர். கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் பட்டணம். வெளியே இருந்ததற்குக் கறுப்பர் பட்டணம் என்று பெயர். வியாபாரத்தை வளர்த்தவர்களுக்கு அவர்கள் தோலின் நிறமே ஊர்ப் பெயராகக் கிடைத்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. 1758 டிசம்பரில் லாலியின் சேனை மறுபடியும் வந்து முற்றுகையிட்டது. இந்தச் சண்டைகள் நடந்த காலத்தில்தான் கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரே மறைப்பின்றி வெட்டவெளி வேண்டும் என்ற முடிவு செயலாயிற்று. ஊர் இடிக்கப்பட்டது. வீடுகள் போயின; தெருக்கள் போயின. ஊரின் நடுவே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் போயிற்று. இடிபட்டோர் இன்னும் வடக்கே நகர்ந்து, முத்தியாலுப்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கங்களில் புது ஊர் எழுப்பினர். அந்தப் புது ஊர்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டு, ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

இனி இதற்குத் தெற்கே யாரும் வீடு கட்டலாகாது என்று எல்லை காட்டுவதற்காக 1773இல் பதின்மூன்று தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றுதான் இப்போது எஞ்சியிருக்கிறது. பாரி முனையில், டேர் ஹவுஸ் கட்டிடத்தின் ஓரத்தில் அது நிற்கிறது. நாள் ஒன்றுக்கு எத்தனையோ ஆயிரம் பேர் அதைக் கடந்து போகிறார்கள். நாங்கள் அதன் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு, பேருந்துக்குக் காத்திருந்த இளைஞர் ஒருவர் அருகே வந்து, “என்ன சார் அது, கோயில் தூணா?” என்று கேட்டார். ஆசிரியர் ஐந்தே நிமிஷத்தில் விஷயத்தைச் சொன்னார். அவர் தூணை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, “பஸ்ஸிலே போகிறவனுக்கு இது எப்படித் தெரியும்!” என்றார். எங்கள் கட்டுரைக்கு வேண்டிய தலைப்பை அவர் சொல்லிவிட்டார்.

செட்டித் தெருக்கள்

பாரி முனையிலிருந்து வடக்கே பிரியும் வீதிகளில் லிங்கி செட்டித் தெருவும் தம்பு செட்டித் தெருவும் முக்கியமானவை. சற்று அப்பால் சுங்குராம செட்டியின் பெயரிலும் ஒரு தெரு உண்டு. கம்பெனியாருக்குச் சரக்குச் சேர்த்துக் கொடுத்த பெரு வணிகர்கள் இவர்கள். கவர்னர்களின் பெயர்கள் பலகையில் ஏறி இறங்கிவிட்டன. இவர்கள் பெயர்கள் மட்டும் அப்படியே நிலைத்திருக்கின்றன. ஒரு ஊரை உண்டாக்கியவர் யார் என்பதற்குத் தெருப் பலகைகளைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் சந்நிதி. இந்த அம்பிகையும் கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1677இல் சத்திரபதி சிவாஜி இங்கு வந்து வழிபட்டார் என்று கோயில் வரலாறு கூறுகிறது. சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாட்களில் பாரதியார் இந்தச் சந்நிதிக்கு அடிக்கடி வந்தார் என்றும் சொல்லுவர். அர்ச்சனைத் தட்டு விற்கும் அம்மாள், நாங்கள் செருப்பை விட்ட இடத்தைக் காட்டி, “இங்கேயே இருக்கட்டும் ஐயா, நான் பார்த்துக்கிறேன், நீங்கள் நிதானமாகப் பார்த்துவிட்டு வாங்கள்” என்றாள். நிதானம் என்ற சொல்லை அந்தத் தெருவில் கேட்பது அரிது.

தெருவின் நடுவே மீன்பாடி வண்டிகள். ஒவ்வொன்றிலும் வண்டி தெரியாத உயரத்துக்குச் சரக்கு. தலைச்சுமைக்காரர்கள் “வழி, வழி” என்று கூவிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். பட்டணத்தில் நடப்பவர் குறைந்துவிட்டனர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வசதியுள்ளவர் நடப்பதுதான் குறைந்தது. பாரம் சுமப்பவர் அன்றும் நடந்தார், இன்றும் நடக்கிறார். வைத்தியர் ஒருவருடைய முழங்காலைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை.

ஆர்மேனியரின் பத்திரிகை

அடுத்தது ஆர்மேனியன் தெரு. தெருவின் இரைச்சலிலிருந்து மாதா கோயிலின் வாயிலைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் வேறோர் உலகம். மரநிழல், வெள்ளைச் சுவர், தரையெங்கும் பழைய ஆர்மேனிய எழுத்துக்கள் பொறித்த கல்லறைப் பலகைகள், தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். 1712இல் முதலில் எழுந்து 1772இல் மறுபடி கட்டப்பட்ட ஆலயம் இது. பட்டும் ரத்தினமும் வியாபாரம் செய்யப் பாரசீகத்து வழியாக வந்த ஆர்மேனியர் சென்னையில் பெருஞ்செல்வராய் வாழ்ந்தனர். அவர்களில் ஒருவரான உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டிக் கொடுத்தவர். இன்று அவர்கள் சமூகம் இங்கே இல்லை. கோயிலும் கல்லறைகளும் இருக்கின்றன.

பத்திரிகை நடத்துகிறவன் இந்த இடத்தில் வணங்காமல் வர முடியாது. உலகிலேயே ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை இந்தச் சென்னையில்தான் அச்சாயிற்று. 1794இல் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் ‘அஸ்தரார்’ என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பதினெட்டு இதழ்கள் வந்தன, 1796இல் நின்றது. அவர் 1824இல் காலமாகி இந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

அதற்கு முன்னரே மற்றொன்று நடந்தது. ஷாமீரியன் என்ற ஆர்மேனிய வணிகரும் அவரைச் சேர்ந்தோரும் சென்னையில் அச்சுக்கூடம் வைத்து, தலைப்புப் பக்கத்தில் 1773 என்று ஆண்டிட்ட ஒரு நூலை வெளியிட்டனர். சுதந்திர ஆர்மேனியாவுக்கு ஓர் அரசியல் சட்டம் அது. மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை எப்படி அமைய வேண்டும், அதிகாரிகள் எப்படிச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றெல்லாம் விதிவிதியாக வகுத்தார்கள். அப்போது ஆர்மேனியா துருக்கியருக்கும் பாரசீகருக்கும் கீழ்ப்பட்டிருந்தது. நாடு கையில் இல்லை. ஆனால் நாட்டுக்கு வேண்டிய சட்டம் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், கம்பெனி ஆண்ட ஊரில், வியாபாரிகள் சிலர் இதைச் சிந்தித்தார்கள். ஆர்மேனியா குடியரசானது 1918இல். அதை இழந்து, மீண்டும் 1991இல் சுதந்திரம் பெற்றது. பாரி முனையில் எல்லைத் தூண்கள் நட்ட ஆண்டும் அந்த நூலின் ஆண்டும் ஒன்றே என்பதை ஆசிரியர் எடுத்துக் காட்டினார். ஒரே ஆண்டில், ஒரே பட்டணத்தில், ஒருவர் எல்லைக்கல் நட்டார். மற்றொருவர் விடுதலைச் சட்டம் எழுதினார்.

இந்த வாயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நூற்றுக்கணக்கான வக்கீல்களின் அறைகள் இருக்கின்றன. அரசியல் சட்டத்தின் ஷரத்துகளை வாதித்துப் பிழைக்கும் தொழிலார், மத்தியான்ன இடைவேளையில் கால் மணி நேரம் இங்கே வந்து நின்றால் நஷ்டம் ஒன்றுமில்லை.

பச்சையப்பர் மண்டபம்

பகலுணவு ஒரு சந்திலிருந்த சிறு சாப்பாட்டு விடுதியில் நடந்தது. இலை போட்டு, சாம்பார், ரசம், மோர் என்று முறையாகப் பரிமாறினார்கள். எங்கள் மேசையிலேயே ஒரு குமாஸ்தாவும் ஒரு சுமைகூலியும் உட்கார்ந்து உண்டார்கள். பின்பு பிராட்வேயைக் கடந்தோம். இரு பேட்டைகளுக்கும் இடையே ஓடிய சாக்கடைப் பள்ளத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூர்த்து இந்த வீதியை உண்டாக்கியவர் பாபம் என்ற ஆங்கிலேய வக்கீல். அது இன்று பிரகாசம் சாலை. 1928இல் சைமன் கமிஷன் பகிஷ்காரத்தின்போது, பாரி முனையருகே, துப்பாக்கி நீட்டிய போலீஸார் முன் மார்பைத் திறந்து காட்டி நின்ற ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயரை அது தாங்குகிறது. அவரும் வக்கீல், அவரும் பத்திரிகாசிரியர். நமது தொழில்களுக்கு இத்தகைய முன்னோர் இருப்பதை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில், கடைகளின் நெரிசலுக்கு மேலே, கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்களுடன் தலைநீட்டுவது பச்சையப்பர் மண்டபம். 1794இல் நாற்பது வயதில் காலமான பச்சையப்ப முதலியார் தம் சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார். உயில் வழக்காகி வெகுகாலம் இழுபட்டது. கடைசியில் அந்தப் பணத்திலிருந்து கோயில் கட்டளைகள் போக மிஞ்சியது கல்விக்கு என்று ஏற்பட்டு, 1842இல் பள்ளிக்கூடம் தொடங்கியது. 1850இல் இந்த மண்டபம் திறக்கப்பட்டது. அதேன்ஸ் நகரத்துத் தீசியஸ் ஆலயத்தை மாதிரியாகக் கொண்டது இது.

1896 அக்டோபர் 26ஆம் தேதி, இருபத்தேழு வயதான குஜராத்தி பாரிஸ்டர் ஒருவர் இங்கே நின்று, தென்னாப்பிரிக்காவில் நம்மவர் படும் அவதியைச் சொன்னார். அவர்தான் மோகன்தாஸ் காந்தி. எஜமானனிடம் அடிபட்டு ரத்தம் ஒழுக அவரிடம் ஓடிவந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியாளின் வழக்கு, சென்னை ஜனங்களை உருக்கிவிட்டது. கையோடு கொண்டுவந்த துண்டுப் பிரசுரம் தீர்ந்துபோய், பதினாயிரம் பிரதி மறுபடியும் அச்சிட நேர்ந்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ரயிலின் முதல் வகுப்பிலிருந்தும், பிரிட்டோரியாவில் நடைபாதையிலிருந்தும் தள்ளப்பட்டவர் அவர். ஆம், நடைபாதையில் நடந்ததற்காக உதைபட்டார். மனிதன் நடைபாதையில் நடக்கும் உரிமை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த மண்டபத்தின் எதிரே சற்று நிற்க வேண்டும். நிற்க இடம் கிடைத்தால்.

மீண்டும் எழுந்த கோயில்கள்

பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் இடிபட்ட பெருமாள் மறுபடி எழுந்தருளியிருக்கிறார். கம்பெனியார் மாற்று இடம் கொடுத்தனர். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, ஊராரும் பொருள் கொடுத்து, 1760களில் தொடங்கி, சென்னகேசவருக்கும் சென்னமல்லேசுவரருக்கும் அடுத்தடுத்து இரு கோயில்கள் எழுப்பினார்கள். ஊரை இடித்தவன் பீரங்கிக்கு வெளி தேடினான். இடிபட்டவன் முதலில் தேடியது தெய்வத்துக்கு ஒரு நிழல். சைவ வைணவ பேதம் பாராட்டிச் சண்டையிடுவோர் பலர் இருந்த அந்தக் காலத்திலும், அழிவு வந்தபோது ஊரார் இருவருக்கும் சேர்த்தே கட்டினார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். சிறு வயதில் ராமலிங்க அடிகள் பள்ளிக்கூடத்தை மறந்து வந்து நின்று பாடிய சந்நிதி. ஏழுகிணற்றுப் பக்கம் வீராசாமித் தெருவில் குடியிருந்த அடிகள், 1858 வரை இந்தத் தெருக்களில் நடமாடியவர். பட்டணத்துத் தெருக்களில் பசித்தவரைக் கண்டு நடந்த கால்கள்தான் பிற்காலத்தில் வடலூரில் அணையா அடுப்பை மூட்டின என்று வைத்தியர் சொன்னார். வண்டியில் போகிறவன் பசித்த முகத்தைக் காண்பதில்லை அல்லவா?

மாலைக் கடைத்தெருவுக்கு வந்தபோது காகித வியாபாரி நண்பரின் நடை மாறியது. அவர் இங்கே வழிகாட்டி மட்டும் அல்லர், வீட்டுக்காரர். குஜிலி என்று பெயர் பெற்ற இந்தக் கடைத்தெருவில்தான் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் குவியலாக விற்றன. கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, கள்ளுக்கடை மறியல் பாட்டு, பகத் சிங் பாட்டு. சர்க்கார் இவற்றுள் சிலவற்றைத் தடை செய்தது. பெரிய பத்திரிகைகள் எட்டாத ஜனங்களிடம் தேசியத்தைக் கொண்டு சேர்த்தவை இந்த மட்டக் காகிதப் புத்தகங்களே. அவற்றைத் தெருவில் நின்று ராகம் போட்டுப் பாடி விற்றார்கள். நடந்து போனவர்கள் நின்று கேட்டார்கள். நிற்பதற்கு இடமில்லாத தெருவில் பொதுஜன அபிப்பிராயம் உண்டாகாது.

தெருவுக்கு ஒரு சரக்கு என்பது இந்தப் பேட்டையின் தர்மம். கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்துச் சரக்கும் மூலிகையும். பவளக்காரத் தெருவில் பவளம் போய்ப் பெயர் மட்டும். கொத்தவால் சாவடியில் இருந்த மொத்தக் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. பெயரும் வாசனையும் போகவில்லை. தங்கசாலைத் தெருவில் தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் மார்வாடியும் ஒரே மூச்சில் காதில் விழுகின்றன. ஜிலேபியும் கச்சோரியும் ஒரு பக்கம். முறுக்கின் நடுவே காயும் சட்டினியும் வைத்து அடுக்கிய ஒரு புதுப் பண்டம் மறுபக்கம். தேச ஒற்றுமையைப் பற்றி நாம் எழுதிய தலையங்கங்கள் அனைத்தையும்விட அந்த முறுக்கு சுருக்கமாகவும் ருசியாகவும் இருந்தது என்று நண்பர்கள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அப்பீல் இல்லை.

பர்மாவிலிருந்து நடந்தவர்கள்

பொழுது சாயக் கடற்கரைப் பக்கம் திரும்பினோம். ராஜாஜி சாலையின் ஓரத்தில் 1969இல் ஏற்பட்டது பர்மா பஜார். 1960களில் பர்மாவின் ராணுவ ஆட்சியில் கடையும் நிலமும் இழந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்காக ஏற்பட்ட கடை வரிசை. பக்கத்துத் தெருவில் ‘அத்தோ’ விற்கிறார்கள். முட்டைக்கோஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் கலந்து கையால் பிசைந்து தரும் பர்மிய உணவு. கடைக்கார முதியவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, நாங்கள் காலையிலிருந்து நடக்கிறோம் என்று கேட்டதும் சிரித்தார்.

“எங்கப்பா சண்டைக் காலத்திலே ரங்கூனிலிருந்து மலை தாண்டி நடந்தே வந்தாராம் ஐயா. மறுபடி போய்ப் பிழைத்தோம், மறுபடியும் துரத்திவிட்டார்கள். அந்தத் தடவை கப்பல்.”

1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்து வந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். எங்களுக்கு நடை விளையாட்டு; அவர் தகப்பனாருக்கு நடை உயிர். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. ஊர் இடிபட்டு வடக்கே நகர்ந்த நெசவாளர், நாட்டை இழந்து வந்த ஆர்மேனியர், பர்மாவில் எல்லாம் இழந்து வந்த தமிழர் என்று, இந்தப் பேட்டை ஆதி முதல் இன்று வரை நடந்து வந்து சேர்ந்தவர்களால் ஆனது. அவர்களுக்கு இடம் கொடுத்ததே இதன் பெருமை.

நடைபாதை யாருடையது?

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு முழுப் பகல் நடந்ததில், தடையின்றி நூறடி நடக்கக்கூடிய நடைபாதை எங்களுக்கு அரிதாகவே கிடைத்தது. எங்கே பார்த்தாலும் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்கள், மின்சாரப் பெட்டிகள், உடைந்த கல், கடைக்குள் அடங்காத சரக்கு. குற்றத்தைத் தரைக்கடைக்காரர் தலையில் போடுவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். அவருடைய பிழைப்பை 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அவருக்கு இடம் வரையறுத்துக் கொடுப்பது நகரசபையின் கடமை. நடப்பவனும் தரையில் கடை வைப்பவனும் பகைவர்களல்லர். நடப்பவன் இல்லாவிட்டால் அவருக்கு வியாபாரமே இல்லை. இருவர் இடத்தையும் விழுங்கியது வாகனம்.

1688இல் தோன்றிய, தேசத்திலேயே மிகப் பழமையான நகராட்சி நம்முடையது. நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் முதலிடம் என்ற கொள்கையை 2014இல் அதுவே ஏற்றது. நடைபாதையில் தடையின்றிச் செல்வது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது. கொள்கை இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. இல்லாதது, அவற்றைக் கேட்டு வாங்கும் கால்கள்.

ஆகையால் நாம் சொல்லும் யோசனைகள் மிகச் சாதாரணமானவை. பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாளாவது தம் வட்டாரத்தை நண்பர்களோடு நடந்து பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினரையும் கூட அழைக்க வேண்டும். அவர் வரவில்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் டவுனின் ஒவ்வொரு தெரு முனையிலும் அந்தப் பெயரின் வரலாற்றைத் தமிழில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கும் வேளையை வரையறுத்து, பாரம் சுமப்பவனுக்கும் பாதசாரிக்கும் வழி விட வேண்டும். பதின்மூன்று தூண்களில் பன்னிரண்டு போனது போல, எஞ்சிய பழைய கட்டிடங்களும் ஒவ்வொன்றாய்ப் போகாமல் காக்க வேண்டும். இருப்பது இன்னதென்று தெரியாதவன் இழந்தது இன்னதென்றும் அறியமாட்டான்.

பொதுத் தெரு வசதியுரிமைச் சட்டத்தின் கீழ் வருவதன்று என்று சட்டம் தெரிந்த நண்பர்கள் திருத்த முற்படலாம். அது நமக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தின் உட்கருத்து தெருவுக்கும் பொருந்தும், தேசத்துக்கும் பொருந்தும். அனுபவிப்பவனுக்கே உரிமை நிலைக்கிறது. அனுபவியாது விட்டவனுக்கு அது ஓசையின்றி நழுவுகிறது. ஹைகோர்ட்டின் கதவாவது ஆண்டுக்கு ஒரு நாள்தான் அடைபடுகிறது. நம் தெருக்களின் கதவை நாமே வருஷம் முழுவதும் அடைத்துக்கொண்டு, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். இறங்கி நடப்போமாக.